மைன்கிராஃப்ட்டில் சேர்வராயன் மலை: கணக்கு வருமா, பூகோளம் வருமா?

12 ஏப்ரல் 2025

மைன்கிராஃப்ட் என்பது சதுரக் கட்டைகளை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டுகிற கணினி விளையாட்டு. அதைப் பற்றி ஒரு அப்பா கேட்ட கேள்வி இதுதான்: “மைன்கிராஃப்ட்டில் கட்டினால் பிள்ளைக்குக் கணக்கு வரும், பூகோளம் வரும் என்கிறார்கள். என் பையன் இரண்டு வருடமாகக் கட்டுகிறான். கோட்டை கட்டுகிறான், அரண்மனை கட்டுகிறான். கணக்கில் 41 மார்க். என்ன வந்தது?”

கட்டினால் வராது, அளந்து கட்டினால்தான் வரும். அரண்மனைக்கு அளவே கிடையாது, எப்படிக் கட்டினாலும் அது அரண்மனைதான். தப்பு என்று ஒன்று இல்லாத இடத்தில் கணக்கு எங்கிருந்து வரும்? அவன் தினமும் ஏறி இறங்குகிற ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மாடிப்படி போதும். எத்தனை படி, ஒரு படி எவ்வளவு உயரம், மேல்படி தளத்தோடு சேர்கிறதா? சேரவில்லை என்றால் அவனே டேப்பைத் தேடி எடுப்பான்.

நான் சிவில் வேலையில் சைட் சூப்பர்வைசர். சேலத்தில் கண்ணன்குறிச்சிப் பக்கம் வீடு. மகள் எட்டாம் வகுப்பு, அக்கா மகன் பத்தாம் வகுப்பு. போன அரையாண்டு லீவிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையை மைன்கிராஃப்ட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

12 ஏப்ரல், இரவு

பொம்மைக் கட்டையில் என்ன அளவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. ஒரு கட்டை நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர். அதாவது ஒரு கன மீட்டர், 35.3 கன அடி. ஜல்லி வாங்கியவர்களுக்கு 100 கன அடி ஒரு யூனிட் என்று தெரியும். ஆக மூன்று கட்டை என்றால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல்.

மகள் இதை நம்பவில்லை. செங்கல் அளவு என்றே நினைத்திருந்தாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வேலைக்காக ஜல்லி கொட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அது எவ்வளவுப்பா?” என்றாள். ஒன்றரை யூனிட் இருக்கும் என்றேன். தாளில் போட்டுப் பார்த்தாள். “அவ்வளவு பெரிய குவியல் வெறும் நாலேகால் கட்டையா?”

விளையாட்டில் பையின் ஒரு கட்டத்தில் 64 கட்டை வைக்கலாம். அது இருபத்திரண்டரை யூனிட். அன்றிலிருந்து அவள் எதைக் கட்டினாலும் முதலில் எத்தனை லோடு என்று கேட்கிறாள். கன அளவு என்ற பாடம் அவளுக்கு அந்தக் குவியலில்தான் ஆரம்பித்தது.

13 ஏப்ரல்

மலை எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளே கவிழ்ந்தது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர். சேர்வராயன் உச்சி 1623. வித்தியாசம் 1345 மீட்டர். விளையாட்டில் கீழே −64, மேலே 320, ஆக மொத்த உயரமே 384 கட்டைதான். 2021-க்கு முன்னால் இன்னும் குறைவு, 256. அப்படியே நிஜ அளவில் மலை உள்ளே போகாது. அக்கா மகன் ஐந்துக்கு ஒன்று என்று வைத்தான். 1345-ஐ 5-ஆல் வகுத்தால் 269. 384-க்குள் அடங்குகிறது. சரி என்று ஆரம்பித்தார்கள்.

முதலில் ஒரு கம்பம் நடுங்கள், அதில் லெவல் குறியுங்கள், மலையை அப்புறம் போடலாம் என்றேன். சைட்டில் நாங்கள் செய்வது அதுதான். கம்பம் ஏறியது, ஏறியது, ஒரு இடத்தில் கட்டை நிற்கவில்லை. அக்கா மகன், “மாமா, மலைக்கு மொட்டை அடிச்சாச்சு” என்றான்.

சேலத்தை அவன் கடல் மட்டத்தில் வைத்துவிட்டான். விளையாட்டில் கடல் மட்டம் 63. அதோடு 269 சேர்த்தால் 332. 320-க்கு மேல் இடமே இல்லை. 12 கட்டை போச்சு, அதாவது நிஜத்தில் 60 மீட்டர். உச்சியில் இருக்கும் கோயிலும் அதோடு போச்சு.

அப்போது மகள் கேட்டாள்: “சேலம் கடல் மட்டத்துலயா இருக்கு?” அந்தக் கேள்வியைப் பாடப் புத்தகம் இதுவரை அவளைக் கேட்க வைக்கவில்லை. வெயில் கொளுத்தும் சமவெளி என்றுதான் நம் ஊரைப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாம் நிற்கும் தரையே எழுபது எண்பது மாடி உயரத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு தட்டை உலகம் ஒன்றைத் திறந்தார்கள். அதில் தரை −61. −61-உம் 269-உம் சேர்ந்தால் 208. மேலே நிறைய இடம். குறை எண்ணைக் கூட்டுவதில் மகளுக்கு எப்போதும் தடுமாற்றம் இருந்தது. கம்பத்தில் ஏறிப் பூஜ்ஜியத்தைத் தாண்டிப் போனவளுக்கு இப்போது அது இல்லை.

15 ஏப்ரல்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். −61-லிருந்து 208 வரை கம்பத்துக்கு 269 கட்டை போதாது, 270 வேண்டும். இரண்டு முனையும் சேர்த்து எண்ண வேண்டும். கம்பி வேலி போட்டவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்: நூறு அடிக்குப் பத்தடிக்கு ஒரு கல் என்றால் பதினொரு கல். பத்துக் கல் இறக்கிவிட்டுக் கடைசிக் கல்லுக்கு மறுபடி வண்டி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதை எனக்கு எடுத்துச் சொன்னது மகள்தான், கம்பத்தை எண்ணிவிட்டு.

20 ஏப்ரல்

ஐந்துக்கு ஒன்றையும் கைவிட்டாயிற்று. ஏன் என்று பாருங்கள்.

சேர்வராயன் மலைத்தொடரின் பரப்பு சுமார் 400 சதுர கிலோமீட்டர். ஐந்துக்கு ஒன்று என்றால் ஒரு கிலோமீட்டர் 200 கட்டை, ஒரு சதுர கிலோமீட்டர் 40,000 கட்டை. 400 சதுர கிலோமீட்டருக்கு மேல்பரப்பு மட்டும் 1 கோடியே 60 லட்சம் கட்டை. இரண்டு பிள்ளைகள் ஆயுசுக்கும் வைத்தாலும் ஆகாது.

இருபதுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஒரு கிலோமீட்டர் 50 கட்டை, ஒரு சதுர கிலோமீட்டர் 2,500, மொத்தம் 10 லட்சம். நீளம் நாலில் ஒரு பங்காக, பரப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கன அளவு 64-இல் ஒரு பங்கு. மகள் இந்த மூன்று எண்ணையும் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாள், அழிக்க விடுவதில்லை. 10 லட்சமும் அதிகம்தான். அதனால் சேலத்தைப் பார்த்த முகம் மட்டும், ரோடு ஏறுகிற பக்கம் மட்டும் என்று முடிவானது.

இருபதுக்கு ஒன்று வைத்ததில் எதிர்பாராத ஒரு லாபம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீட்டருக்கு ஒன்று. இங்கே ஒரு கட்டையும் 20 மீட்டர். ஆக வரைபடத்தில் ஒரு கோடு, விளையாட்டில் ஒரு படி. பெருவிரல் ரேகை மாதிரி ஒரு குப்பையாகத் தெரிந்த கோடுகள், மேலிருந்து பறந்து பார்த்தபோது அப்படியே படிப்படியாகத் தெரிந்தன. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இதை நான் ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் படித்தும் மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன்.

27 ஏப்ரல்

ரோட்டைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதுதான் பிடித்த இடம்.

அக்கா மகன் முதலில் அடிவாரத்திலிருந்து நேராக மேலே ஒரு ரோடு போட்டான். படிக்கட்டு மாதிரி. விளையாட்டில் அது தப்பே இல்லை, ஆள் குதித்துக் குதித்து ஏறிவிடுவான். அதுதான் இந்த விளையாட்டின் ஆபத்து. 45 டிகிரியில் ஏறினாலும் மூச்சு வாங்காது. “இதுல நம்ம டவுன் பஸ் ஏறுமா?” என்று கேட்டேன். யோசித்தான்.

மலை ரோட்டுக்கு, ரோடு போடும் விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வைத்திருக்கும் சாதாரண ஏற்றம் 20-க்கு 1. இருபது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறலாம். இடம் இல்லை என்றால் 16.7-க்கு 1, மிக இக்கட்டான சிறு தூரத்துக்கு 14.3-க்கு 1. இதைக் கட்டையில் எப்படிக் காட்டுவது? விளையாட்டில் ஸ்லாப் என்று அரைக் கட்டை இருக்கிறது. பத்துக் கட்டைக்கு ஒரு ஸ்லாப் உயர்த்தினால் 20-க்கு 1. இந்தக் கணக்கை மகளே கண்டுபிடித்தாள். ஐந்துக்கு ஒன்றில் கட்டினாலும் இருபதுக்கு ஒன்றில் கட்டினாலும் பத்துக்கு ஒரு ஸ்லாப் மாறாது என்பதையும் அவளே சொன்னாள். விகிதம் என்றால் என்ன என்று இதற்கு மேல் நான் அவளுக்கு விளக்க ஒன்றும் இல்லை.

இப்போது அந்த விதியோடு ரோடு போட்டார்கள். பத்துக் கட்டை, ஒரு ஸ்லாப். பத்துக் கட்டை, ஒரு ஸ்லாப். மலை சீக்கிரம் ஏறுகிறது, ரோடு மெதுவாகத்தான் ஏறுகிறது. மலைச் சரிவிலேயே பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. போய்ப் போய் ஓடை ஒன்று குறுக்கே வந்தது. “இனி எங்க போறது?” என்று நின்றார்கள். திரும்பத்தான் வேண்டும். திரும்பினார்கள். அந்த இடத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு பிறந்தது. மறுபக்கம் போய், பாறை வந்து, மறுபடி திரும்பல். மூன்றாவது வளைவில் மகள் கையை எடுத்துவிட்டு, “அப்பா, இது நம்ம ஏற்காடு ரோடு” என்றாள்.

ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. அவள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டே போயிருக்கிறோம். அந்த வளைவுகள் ஏன் இருக்கின்றன என்று ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

கணக்கும் பொருந்துகிறது. ஏற்காடு 1515 மீட்டர், சேலம் 278, ஏற வேண்டியது 1237. இருபதால் பெருக்கினால் 24,740 மீட்டர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ரோடு சுமார் 30 கிலோமீட்டர்.

28 ஏப்ரல்

நேற்றுக் கடைசியில் எழுதிய பொருத்தத்தை வாபஸ் வாங்குகிறேன். இரவு படுத்தபிறகு உறுத்தியது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வரை ரோடு கிட்டத்தட்ட சமதளம். அந்த தூரத்தையும் ஏற்றக் கணக்கில் சேர்த்துவிட்டேன். அடிவாரத்துக்கு மேலே இருக்கும் தூரத்தை மட்டும் எடுத்தால் பல இடங்களில் 20-க்கு 1-ஐவிடச் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும். செகண்ட் கியரில் முனகும் வண்டிகள் சொல்வதும் அதைத்தான். போய் வந்து எழுதுகிறேன்.

4 மே

போய் வந்தோம். நான், மகள், அக்கா மகன், இரண்டு வண்டி. போனில் உயரம் காட்டும் ஆப் ஒன்று போட்டுக்கொண்டு, நோட்டில் குறித்துக்கொண்டே ஏறினோம்.

முதலில் ஒரு குழப்பம். எங்கள் வீட்டிலேயே ஆப் 200 சொச்சம்தான் காட்டியது. ஏற்காடு ஏரிக் கரையிலும் 1515 வரவில்லை, நன்றாகவே குறைவு. போன் பழசு, அப்படித்தான் காட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோயில் இருக்கும் உச்சியில்தான் பிள்ளைகளுக்கு அதிர்ச்சி. அவர்கள் விளையாட்டில் மலையைக் கூராக முடித்திருந்தார்கள், தேர் கலசம் மாதிரி. இங்கே மேலே ஏறினால் பெரிய மைதானம். மே மாதத் திருவிழாவுக்கு அத்தனை ஜனம் அங்கேதான் கூடுகிறது. சேர்வராயன் சாமியும் காவேரியம்மனும் குகைக்குள். வெளியே தட்டையான செம்மண் தரை. அடியில் இருப்பது சார்னகைட், கரும் சாம்பல் நிறத்தில் கெட்டிப் பாறை. மேலே மழையிலும் வெயிலிலும் நீண்ட காலம் ஊறிச் செம்புறாங்கல்லாக மாறிய மூடி. அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பதும் அந்த மூடியில்தான். அக்கா மகன் அங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுதினான்: “மேல் 3 கட்டை இடிக்கணும்.”

5 மே

போன் பழசு என்று நான் எழுதியது தப்பு. ஜி.பி.எஸ். வேலை பார்க்கும் ஒரு தம்பி தனியாக விளக்கினார், இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன். செயற்கைக்கோள் நேராகத் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கும் வழவழப்பான முட்டை வடிவத்திலிருந்து. நம் பக்கத்தில் நிஜக் கடல் மட்டம் அந்த வடிவத்துக்கு 80 முதல் 100 மீட்டர் கீழே போகிறது. அதனால் திருத்தம் செய்யாத ஆப் எல்லா இடத்திலும் அந்த அளவு குறைத்தே காட்டும்.

நோட்டில் எழுதியதெல்லாம் வீண் என்று அக்கா மகன் சோர்ந்துவிட்டான். மகள்தான் சொன்னாள்: எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைந்தால், மேலே காட்டுவதிலிருந்து கீழே காட்டுவதைக் கழித்தால் போதுமே, தப்பு அடிபட்டுவிடும். எங்கள் லெவல் எடுக்கும் வேலையின் உயிரே அதுதான். நாங்கள் ஒருநாளும் கடலில் போய் அளப்பதில்லை, வித்தியாசத்தை வைத்துத்தான் கட்டுகிறோம்.

ஏரிக் கரையில் உயரம் குறைந்ததற்கு ஆப் மட்டும் காரணம் இல்லை. ஏரி ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. பகோடா பாயிண்ட் பக்கம் போனால் மேலே. ஒரு மலையூருக்கு ஒரே உயரம் என்று புத்தகம் சொல்வது எந்த இடத்தை? ஊரைக் கட்டிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

11 மே

ஒரு அக்கா கேட்டிருக்கிறார், இது தப்பான பூகோளத்தைக் கற்றுக்கொடுக்காதா என்று. கொடுக்கும். அதையும் சொல்லியாக வேண்டும்.

விளையாட்டில் ஆறு ஓடுவதில்லை. இரண்டு முனையும் கடல் மட்டத்தில் நீளமான குட்டையாகக் கிடக்கும். ஒரு வாளித் தண்ணீரைச் சமதரையில் ஊற்றினால் ஏழு கட்டை தூரம் போய் நின்றுவிடும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வந்து காவிரியில் சேர்கிற திருமணிமுத்தாற்றை அதில் காட்டவே முடியாது. அடியில் தோண்டிவிட்டால் மலை அப்படியே காற்றில் நிற்கும். மணல், ஜல்லி மாதிரி சில கட்டைகள்தான் விழும். சில இடங்களில் உயரத்துக்குப் போனால் மழைக்குப் பதில் பனி கொட்டும். சின்னப் பிள்ளை ஒன்று ஏற்காட்டில் பனிக்கட்டி எங்கே என்று கேட்டதை நானே கேட்டேன்.

அந்தக் கடைசித் தப்பிலும் ஒரு நூல் உண்மை இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும். 1237 மீட்டருக்கு எட்டு டிகிரி. சேலத்தில் 38 என்றால் மேலே 30. பனிக்குப் பக்கத்தில்கூட இல்லை. இதை வகுத்துப் பார்த்த பிள்ளை விளையாட்டை நம்பாது, ஆனால் விளையாட்டு இல்லாமல் வகுத்தும் பார்த்திருக்காது.

18 மே

டென்மார்க் நாட்டையே மைன்கிராஃப்ட்டில் கட்டிவிட்டார்களே, நீங்கள் ஒரு மலைக்குத் திணறுகிறீர்களே என்று ஒருவர். உண்மைதான், 2014-இல் அந்த நாட்டின் அரசு நில அளவைத் துறையே ஒன்றுக்கு ஒன்று அளவில் முழு நாட்டையும் வைத்தது. அப்போது உயர வரம்பு 256 கட்டை. எப்படி அடங்கியது? டென்மார்க்கின் மிக உயரமான இயற்கை மேடே 171 மீட்டர்தான். நம் சேலத்து ஐந்து ரோடு சந்திப்பே அதைவிட நூறு மீட்டருக்கு மேல் உயரம். அந்த நாட்டில் சேர்வராயன் இல்லை, அவ்வளவுதான். மகள் இதைக் கேட்டதிலிருந்து அட்லஸை வைத்துக்கொண்டு எந்தெந்த நாடு 384-க்குள் அடங்கும் என்று தேடுகிறாள். மாலத்தீவில் ஆரம்பித்தாள்.

1 ஜூன்

மூன்று வாரமாக ஒரே ஒரு வளைவில் நிற்கிறோம்.

இருபதுக்கு ஒன்றில் கொண்டை ஊசி வளைவைச் சரியான வடிவத்தில் காட்ட முடியவில்லை. ஒரு கட்டையே 20 மீட்டர், ரோட்டின் அகலம் அதில் பாதிகூட இல்லை. எங்கள் வரைபடத்தில் முழு இடத்தையும் காட்டும் கீ பிளான் ஒரு தாளில், ஒரு பகுதியைப் பெரிதாகக் காட்டும் டீடெயில் இன்னொரு தாளில் இருக்கும். அதே மாதிரி ஒரு வளைவை மட்டும் தனியாக நிஜ அளவில் கட்டச் சொன்னேன். விதிப்படி உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1-க்கு மேல் போகக்கூடாது. ஆக இருபது கட்டைக்கு ஒரு ஸ்லாப்.

14 ஆரத்தில் அரை வட்டம். சதுரக் கட்டையில் வட்டம் எப்படி? நடுவிலிருந்து பக்கவாட்டில் 5 கட்டை போனால், மேலே எவ்வளவு? 196-இல் 25 கழித்தால் 171, அதன் வர்க்கமூலம் 13-க்குச் சற்று மேல். 10 கட்டை போனால் 96-இன் வர்க்கமூலம், 9.8. பிதாகரஸ் தேற்றத்தை அக்கா மகன் அன்று முப்பது தடவையாவது போட்டிருப்பான், ஒருவரும் சொல்லாமல்.

அப்புறம் நீளம். மகள் உள் ஓரத்தைக் கட்டைக் கட்டையாக விளிம்போடு எண்ணினாள். 56. அக்கா மகன் சூத்திரத்தில் போட்டான், அரை வட்டத்துக்குப் பை பெருக்கல் ஆரம். 44. மறுபடி எண்ணினாள், 56. 56-ஐ 14-ஆல் வகுத்துவிட்டு என்னிடம் வந்து, “அப்பா, பை நாலுன்னு வருது” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, முகம் வாடியிருந்தது.

எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. மாடிக்குப் போனோம். 1.4 மீட்டர் கயிற்றில் சாக்பீஸ் கட்டி அரை வட்டம் போட்டோம். கோட்டின் மேல் நூலை ஒட்டி ஒட்டி வைத்து, எடுத்து அளந்தோம். 4 மீட்டர் 40 சென்டிமீட்டர். பிறகு அவளே கோட்டின் ஓரமாகச் செங்கற்களைப் படிப்படியாக அடுக்கி விளிம்போடு நூலை விட்டாள். 5.6 மீட்டருக்கு வந்தது. செங்கல்லைச் சின்னதாக உடைத்து அடுக்கினாலும் 5.6-தான். குறுக்கே போவதும் நேரே போவதும் எத்தனை துண்டாக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது என்று அவள் விரலால் காட்டினாள். வளைவைப் பார்க்க வட்டம் மாதிரி ஆகிக்கொண்டே போகிறது, நீளம் மட்டும் அசையவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

44 மீட்டருக்கு 40-க்கு 1 என்றால் 1.1 மீட்டர், இரண்டு ஸ்லாப். வைத்துவிட்டார்கள்.

3 ஜூன்

41 மார்க் பையனின் அப்பா எழுதியிருக்கிறார். மாடிப்படியைக் கட்டச் சொன்னாராம். பதினெட்டுப் படி, ஸ்லாப் அரை மீட்டர், நிஜப் படி அதில் மூன்றில் ஒரு பங்குதான், எப்படி வைத்தாலும் சேரவில்லை. பையன் மூன்று மடங்கு பெரிதாகக் கட்டட்டுமா என்று கேட்டானாம். கட்டட்டும் ஐயா. அப்படியென்றால் வீட்டையும் மூன்று மடங்கு ஆக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவனே போய் முட்டட்டும்.

8 ஜூன்

உச்சியை இடித்துத் தட்டையாக்கியாயிற்று. மேல் மூடிக்கு எந்தக் கட்டை என்று இரண்டு பேருக்கும் சண்டை. சிவப்பு டெரகோட்டா, அதாவது சுட்ட மண் கட்டை, என்கிறான் அவன், பழுப்பு என்கிறாள் இவள். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல்லுக்குச் சண்டையே வரவில்லை, விளையாட்டில் இருக்கும் கால்சைட் கட்டை என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். மே 4 அன்று மலைக்குப் போட்டுக்கொண்டு போன மகளின் செருப்பு இன்னும் கழுவாமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. எடுத்து வந்து, இடுக்கில் ஒட்டியிருந்த சேர்வராயன் மண்ணை மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் தண்ணீர் தொட்டு நனைத்து மறுபடி பிடித்தாள். காய்ந்தால் ஒரு நிறம், நனைந்தால் ஒரு நிறம். இரண்டு கட்டையையும் கலந்து வைப்பது என்று தீர்ப்பு.